.308 கேஸ் நாலஞ்சு ரீலோடுலயே ஏன் ரெண்டா பிரியுது: பவுடர விடுங்க, சைஸிங் டைய பாருங்க

கேள்வி சுருக்கமா இதுதான். (ரீலோடுன்னா சுட்ட தோட்டாவோட பித்தளை (பிராஸ்) கூட்டுல, அதாவது கேஸ்ல, புது பிரைமர், பவுடர், புல்லட் வச்சு மறுபடி தோட்டாவாக்கறது.) .308 வின்செஸ்டர், போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். மேனுவல்ல போட்டிருக்கற அதிகபட்சத்துக்கு நல்லா கீழதான் பவுடர் போடறீங்க, ஆனா நாலஞ்சு தடவ ரீலோட் பண்ணதுமே கேஸோட அடிப்பக்கம் பளிச்சுன்னு ஒரு வளையம் தெரியுது, கடைசியா ஒண்ணு அந்த எடத்துலயே ரெண்டா பிரிஞ்சு முன்பாதி சேம்பருக்குள்ள (குழல்ல தோட்டா உக்கார்ற அறை) மாட்டிக்கிச்சு. ஒவ்வொரு தடவையும் ட்ரிம் வேற (நீண்ட கேஸோட வாய சீவி அளவுக்கு கொண்டு வர்றது) பண்ண வேண்டியிருக்கு. பிராஸ் மட்டமா, இல்ல பவுடர இன்னும் குறைக்கணுமான்னு கேட்டிருக்கீங்க.

ரெண்டுமே இல்லன்னுதான் தோணுது. நீங்க சொல்ற எல்லா அறிகுறியும் ஒரே எடத்தத்தான் காட்டுது, உங்க ஃபுல் லென்த் சைஸிங் டை (சுட்டதும் விரிஞ்ச கேஸ முழுசா நெருக்கி அளவுக்கு கொண்டு வர்ற அச்சு) தேவைக்கு மேல கீழ இறங்கியிருக்கு. பவுடர குறைச்சா இது சரியாகாது, ஏன்னு புரியணும்னா சுடற நேரத்துல கேஸுக்கு என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பொறுமையா பாக்கணும்.

ட்ரிகர் இழுத்ததும் ஃபயரிங் பின் வந்து பிரைமர்ல (கேஸோட அடியில இருக்கற, பவுடர பத்தவைக்கற சின்ன மூடி) அடிக்குது, அந்த அடியோட வேகத்துலயே தோட்டா முழுசும் முன்னாடி தள்ளப்பட்டு அதோட ஷோல்டர் (பாடி சுருங்கி நெக்கா மாறற சரிவு) சேம்பரோட ஷோல்டர்ல போய் முட்டி நிக்குது. இப்ப பின்னாடி பாருங்க, கேஸ் ஹெட்டுக்கும் (கெட்டியான அடிப்பாகம்) போல்ட் (சேம்பர பின்னாடி அடைக்கற பாகம்) முகத்துக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி விழுந்துடுச்சு. பிரைமர் வெடிச்சதும் அது தன் குழிய விட்டு லேசா பின்னாடி வந்து போல்ட்ல முட்டும். அடுத்து பவுடர் பத்திக்கிட்டு பிரஷர் ஏறுது. .308க்கு அமெரிக்காவுல ஸ்டாண்டர்ட் வைக்கிற ஸாமி அமைப்பு குடுத்திருக்கற உச்சவரம்பு 62,000 பிஎஸ்ஐ (சதுர இஞ்ச்சுக்கு இத்தன பவுண்டு), இதெல்லாம் ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்ட் சமாச்சாரம். கேஸோட நெக் (புல்லட்ட பிடிக்கற கழுத்து), ஷோல்டர், பாடியோட முன்பக்கம் எல்லாம் மெல்லிசு, நெக் சுவர் பெரும்பாலும் 0.012ல இருந்து 0.015 இஞ்ச்தான் இருக்கும், அதனால கொஞ்சம் பிரஷர் வந்ததுமே அது விரிஞ்சு சேம்பர் சுவத்தோட இறுக்கமா ஒட்டிக்கும். அது ஒட்டிக்கறது நல்லதுதான், இல்லன்னா அந்த வாயு முழுக்க பின்னாடி உங்க மூஞ்சிக்கு வரும். ஆனா ஹெட் பக்கம் கெட்டி பிராஸ், அது விரியாது, ஒட்டவும் ஒட்டாது. அத உள்ள இருந்து வாயு பின்னாடி தள்ளுது. .308 மாதிரி கேஸ்ல உச்ச பிரஷர்ல அந்தத் தள்ளு விசை 3 டன்னுக்கு மேல. முன்பாதி சேம்பர்ல கவ்வி நிக்குது, ஹெட்டு போல்ட்ட நோக்கி போயே தீரணும்னு போகுது, நடுவுல இருக்கற சுவர்தான் இழுபடுது. எங்க இழுபடும்? கெட்டியான வெப் (கேஸோட உள் அடித்தளம்) முடிஞ்சு சுவர் மெலிய ஆரம்பிக்கற எடத்துல, கேஸ வெளிய இழுக்கற கொக்கி மாட்ற எக்ஸ்ட்ராக்டர் பள்ளத்துக்கு ஒரு கால் இஞ்ச் சொச்சம் மேல. நீங்க பாத்த பளிச் வளையம் சரியா அங்கதான் வரும்.

இப்ப முக்கியமான விஷயம். எவ்ளோ இழுபடும்ங்கறத முடிவு பண்றது பிரஷர் இல்ல, அந்த இடைவெளி. ஹெட்டுக்குப் பின்னாடி எவ்ளோ காலி எடம் இருக்கோ அவ்ளோ தூரம் அது போகும், போல்ட்ல முட்டினதும் நின்னுடும் (போல்ட்டும் ரிசீவரும் தம்மாத்தூண்டு நெளிஞ்சு குடுக்கும், அது தனிக் கணக்கு). அந்த எடத்துல பிராஸ் தாங்கற விசைய விட ஹெட்ட தள்ளற விசை ரொம்ப பெருசு, பவுடர ஒரு கிரெயின் (பவுடர் எடை அலகு) ரெண்டு கிரெயின் குறைச்சா அந்த நிலைமை மாறாது. 55,000 பிஎஸ்ஐயா இருந்தாலும் ஹெட்டு போல்ட்ட தொட்டுட்டுதான் நிக்கும். அதனாலதான் உங்க லோடு மிதமா இருந்தும் கேஸ் பிரியுது.

ரொம்ப ரொம்ப கம்மி லோடுன்னா கத தலைகீழ், அதையும் சொல்லிடறேன். பிரஷர் ரொம்ப குறைவா இருந்தா கேஸ் சேம்பர்ல ஒட்டினது ஒட்டினபடியே நிக்கும், ஹெட்ட பின்னாடி இழுக்கற அளவுக்கு பலம் வராது, வெளிய வந்த பிரைமர் அப்படியே துருத்திக்கிட்டு நிக்கும். சுட்ட கேஸ மேசைல நிக்க வச்சா ஆடும். அதுவும் இடைவெளி இருக்குங்கறதுக்கு அடையாளம்தான். அதுல வேற தொந்தரவு என்னன்னா, பிரைமர் ஒவ்வொரு தடவையும் கேஸ முன்னாடி குத்தித் தள்றதுல ஷோல்டர் உள்வாங்கி கேஸ் குட்டையாயிட்டே போகும். அப்படி குட்டையான கேஸ்ல அப்புறம் ஃபுல் லோடு போட்டு சுட்டா ஒரே அடியில நல்லா இழுபடும். குறைஞ்ச லோடுக்கு வச்சிருக்கற கேஸ தனியா வச்சுக்கறது நல்லது.

சரி, கணக்குக்கு வருவோம். லேத் பட்டறைல சொல்ற தௌ கணக்கு, ஒரு தௌன்னா இஞ்ச்ல ஆயிரத்துல ஒரு பங்கு, 0.025 மிமீ. .308 சேம்பர்ல போல்ட் முகத்துல இருந்து ஷோல்டர்ல குறிச்ச புள்ளி வரைக்கும் (இதத்தான் ஹெட்ஸ்பேஸ்னு சொல்வாங்க) ஸாமி கணக்குப்படி 1.630ல இருந்து 1.640 இஞ்ச் வரைக்கும் இருக்கலாம். தோட்டால அதே நீளம் 1.627ல இருந்து 1.634 வரைக்கும் இருக்கலாம். ரெண்டுமே சட்டப்படி சரியா இருந்தும், பெரிய சேம்பர்ல சின்ன தோட்டா போனா 13 தௌ இடைவெளி. கம்பெனிக்காரன் எந்த துப்பாக்கிலயும் எந்த தோட்டாவும் போகணும்னு இப்படி வச்சிருக்கான், அவனுக்கு கேஸ் ஒரு தடவ தாங்கினா போதும். நமக்கு அப்படி இல்ல.

உங்க சேம்பர் 1.634ன்னு வச்சுக்குவோம். ஒரு தடவ சுட்டதும் கேஸோட ஷோல்டர் கிட்டத்தட்ட 1.633க்கு வந்து நிக்கும், உங்க சேம்பருக்குன்னே தச்ச சட்ட மாதிரி. இப்ப டை பெட்டில வர்ற காகிதத்துல வழக்கமா போட்டிருப்பானே, டைய ஷெல் ஹோல்டர்ல (கேஸ டைக்குள்ள தள்ற ப்ரெஸ்ல, கேஸோட அடிய பிடிக்கற பாகம்) முட்ற வரைக்கும் இறக்கி அதுக்கு மேல கால் சுத்து குடுங்கன்னு, அத அப்படியே பண்ணா ஷோல்டர் 1.626, 1.627க்கு போயிடும். அதாவது 7 தௌ பின்னாடி. அடுத்த தடவ சுட்டா ஹெட் 7 தௌ பின்னாடி போகுது. மறுபடி சைஸ் பண்றீங்க, மறுபடி 7. அஞ்சு தடவைல 35 தௌ, கிட்டத்தட்ட 0.9 மிமீ. இந்த 0.9 மிமீ நீளமும் கேஸ் முழுக்க பரவலா வரல, வெப்புக்கு மேல இருக்கற சில மில்லிமீட்டர் பட்டைலருந்து மட்டும் வருது, அந்த பட்டையிலயும் எங்க மெலிஞ்சுதோ அங்கயேதான் அடுத்த இழுப்பும் விழும். அந்த எடத்துல சுவரே ஒரு மில்லிமீட்டர் இருக்கற சமாச்சாரம். நாலஞ்சு தடவைல பிரியுதுன்னு நீங்க சொன்னது இந்தக் கணக்கோட அப்படியே ஒத்துப்போகுது. அதே கேஸ 1 இல்ல 2 தௌ மட்டும் தள்ளி சைஸ் பண்ணா அந்த எடத்துல பெருசா ஒண்ணும் நடக்காது, ஹெட் பிரியறதுக்கு ரொம்ப முன்னாடியே நெக்கு வெடிச்சோ பிரைமர் குழி லூசாகியோ கேஸ் ஓய்வுக்குப் போயிடும்.

கால் சுத்து அறிவுரை தப்புன்னு சொல்லல, அது எந்த ரைஃபிள்னே தெரியாம பொதுவா எழுதினது, தோட்டா எந்த சேம்பர்லயும் கண்டிப்பா உள்ள போகணும்ங்கறதுதான் அதோட குறி. ஆனா கைல ஒரே ஒரு ரைஃபிள் வச்சிருக்கறவங்க அத வேதவாக்கா எடுத்துக்கறதுலதான் முக்காவாசி பிராஸ் சாகுது.

இப்ப ட்ரிம் சமாச்சாரம். கேஸ் நீளறதுன்னு எல்லாரும் பொத்தாம்பொதுவா சொல்றதுல ரெண்டு வேற வேற நீளம் கலந்து கிடக்கு. ஒண்ணு ஹெட்ல இருந்து நெக்கோட வாய் வரைக்கும் உள்ள மொத்த நீளம். .308க்கு அது 2.015 இஞ்ச்ச தாண்டக்கூடாது, 2.005க்கு ட்ரிம் பண்ணுவாங்க. இன்னொண்ணு ஹெட்ல இருந்து ஷோல்டர் வரைக்கும் உள்ள நீளம். பெரும்பாலானவங்க காலிப்பர வச்சு முதல் நீளத்த மட்டும் அளக்கறாங்க, கேஸ கொல்றது ரெண்டாவது நீளம். ட்ரிம்மர்ல சீவி எறியற அந்த பிராஸ் எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிச்சு பாருங்க. புதுசா உலோகம் முளைக்காது. கேஸ்ல வேற எங்கயோ மெலிஞ்சுதான் அது மேல வந்திருக்கு. கொஞ்சம் பாடில இருந்து, கொஞ்சம் ஷோல்டர்ல இருந்து, டை ரொம்ப இறங்கியிருந்தா நல்ல பங்கு அடிப்பட்டைல இருந்து. அதனால ஒவ்வொரு தடவையும் ட்ரிம் பண்ண வேண்டியிருக்குன்னு நீங்க சொன்ன உடனே எனக்கு சந்தேகம் டை மேல போச்சு. ட்ரிம் பண்ணி அளவுக்கு கொண்டு வந்துட்டா கேஸ் பாக்க ஒழுங்கா இருக்கும், உள்ள மெலிஞ்சது அப்படியேதான் இருக்கும்.

மொத்த நீளம் பெரும்பாலும் சுடும்போது ஏறல, சைஸ் பண்ணும்போதுதான் ஏறுது. சுட்ட கேஸயும் சைஸ் பண்ண கேஸயும் தனித்தனியா அளந்தா தெரியும், சுட்டதும் பக்கவாட்டுல பருத்த கேஸ் மொத்த நீளத்துல கொஞ்சம் குறைஞ்சுகூட இருக்கும், டைக்குள்ள போய் வந்ததும் நீண்டிருக்கும். ஈரக் களிமண்ண உள்ளங்கைக்குள்ள பிடிச்சு அமுக்கினா மேல பிதுங்கும்ல, டை பாடிய சுத்தி நெருக்கும்போது பிராஸ் போக எடமில்லாம அதே மாதிரி மேலதான் ஏறும். இதுல ஒரு ஏமாத்து வேலை இருக்கு, நெறைய பேர் மாட்டிக்கற எடம். டைய பாதி இறக்கி வச்சு சைஸ் பண்ணா அது பாடிய நெருக்கும், ஆனா டையோட ஷோல்டர் இன்னும் கேஸ் ஷோல்டர தொட்டிருக்காது, அதனால ஷோல்டர் முன்னாடி நகரும். 1.633 இருந்த கேஸ் 1.636 ஆயிடும், போல்ட் மூடவே முடியாது. உடனே ஆளு பயந்துபோய் டைய தடாலடியா ஒரு சுத்து இறக்கிடறார், போல்ட் வெண்ணெயா மூடுது, அப்பாடான்னு விட்டுடறார். அந்த முட்ற நிலைக்கும் வெண்ணெயா மூடற நிலைக்கும் நடுவுலதான் நமக்கு வேண்டிய எடம் இருக்கு, அத ஒரே தாவுல தாண்டிப் போயிடறாங்க.

இன்னொரு குற்றவாளி டைக்குள்ள இருக்கற எக்ஸ்பேண்டர் உருண்டை. நெக்க டை முதல்ல தேவைக்கு மேல சுருக்கிடும், அப்புறம் கேஸ் வெளிய வரும்போது இந்த உருண்டை உள்ள இருந்து இழுத்துக்கிட்டே வரும். நெக்குக்குள்ள லூப் (வழுக்கறதுக்கு தடவற மசகு) இல்லாம காஞ்சு கிடந்தா கீச்சுன்னு ஒரு சத்தம் கேக்கும், கைப்பிடில எதிர்ப்பு தெரியும், அந்த நேரம் நெக்கும் ஷோல்டரும் மேல இழுபடுது, கூடவே கோணலும் ஆகுது. நெக்குக்குள்ள கிராஃபைட்டோ கொஞ்சம் லூபோ தடவினா பாதி பிரச்சன போயிடும்.

ஷோல்டர் கோணத்துக்கும் இதுல பங்கு இருக்கு. .30-06ல 17.5 டிகிரி, .308ல 20 டிகிரி. சரிவு கம்மியா, பாடி கூம்பா இருக்கற கேஸ்ல பிராஸ் சுலபமா முன்னாடி வழியும். ஆக்லி இம்ப்ரூவ்டுங்கற மாத்தியமைச்ச கேஸ் வகைல பாடிய நேராக்கி ஷோல்டர 40 டிகிரிக்கு செங்குத்தாக்கினாங்க, அதுக்கு ட்ரிம் வேலை கம்மின்னு அத வச்சிருக்கறவங்க பெருமை அடிப்பாங்க, அதுல உண்மை இருக்கு.

மொத்த நீளம் 2.015ஐ தாண்டினா என்னன்னு சாதாரணமா விடக்கூடாது. நெக்கோட வாய் சேம்பர் முடியற எடத்துல போய் நெருங்கி புல்லட்ட கவ்விப் பிடிச்சுக்கும், நெக்கு விரிஞ்சு புல்லட்ட விட எடம் இல்ல, பிரஷர் கண்டபடி ஏறும். அதனால ட்ரிம் பண்ணாதீங்கன்னு நான் சொல்லல. ட்ரிம் பண்ணுங்க, எவ்ளோ சீவறீங்கன்னும் எழுதி வைங்க.

உள்ள மெலிஞ்சிருக்கான்னு எப்படி கண்டுபிடிக்கறது? வெளிய தெரியற வளையத்த மட்டும் நம்பாதீங்க. சைஸிங் டை ஹெட்டு வரைக்கும் முழுசா இறங்காது, அது நிக்கற எடத்துலயும் ஒரு கோடு விழும், அது பெரும்பாலும் கூர்மையா படி மாதிரி இருக்கும், ஆபத்தில்ல. இழுபட்ட வளையம் அகலமா, சுத்தியும் இருக்கறத விட வெளுப்பா பளபளப்பா இருக்கும், சில சமயம் பாதிச் சுத்து மட்டும் தெரியும். சந்தேகம் தீர ஒரு பேப்பர் கிளிப்ப நிமித்தி, நுனிய ரெண்டு மிமீ அளவுக்கு செங்கோணமா மடக்கி, நுனிய அரத்துல தீட்டிக்கோங்க. நெக்கு வழியா உள்ள விட்டு அடித்தளத்த தொட்டுட்டு, சுவத்துல லேசா அழுத்தினபடி மெதுவா மேல இழுங்க. நல்ல கேஸ்ல வெப்போட வளைவுல ஏறி வழவழன்னு வரும். மெலிஞ்ச கேஸ்ல கால் இஞ்ச் தாண்டினதும் நுனி ஒரு பள்ளத்துல டக்குன்னு விழுந்து மாட்டும். முதல்ல சுடாத புது கேஸ்ல நாலு தடவ இழுத்து பழகிட்டு அப்புறம் சந்தேக கேஸ்ல பாருங்க, வித்தியாசம் விரலுக்கே தெரிஞ்சுடும். இன்னும் நம்பிக்கை வரலன்னா பழசுல ஒண்ண எடுத்து (பிரைமர் கழட்டினது) ரம்பத்துல நெடுக்க பாதியா அறுங்க. அடிப்பக்கம் கெட்டியா இருந்து படிப்படியா மெலியவேண்டிய சுவர்ல, நடுவுல மட்டும் உள்பக்கமா ஒரு வாய்க்கா வெட்டின மாதிரி தெரியும். இத ஒரு தடவ கண்ணால பாத்தவங்க அப்புறம் டைய அளக்காம இறக்க மாட்டாங்க.

ஒண்ணு பிரிஞ்சுதுன்னா அதே பெட்டில அதே அளவு தடவ சுட்ட மத்ததும் அந்த நிலைமைலதான் இருக்கும். கிளிப்ல மாட்டாதத கூட நான்னா வச்சுக்க மாட்டேன், மொத்தமா கழிச்சிடுவேன். கழிக்கும்போது நெக்க குறடால நசுக்கிடுங்க, இல்லன்னா யாராவது பொறுக்கி மறுபடி லோட் பண்ணுவாங்க.

இப்ப டைய சரி பண்றது. காலிப்பர்ல மாட்டி ஷோல்டர் வரைக்கும் உள்ள நீளத்த அளக்கற ஹெட்ஸ்பேஸ் கம்பேரேட்டர் ஒண்ணு வாங்குங்க, ரீலோடிங்ல பவுடர் தராசுக்கு அடுத்து முக்கியமான சாமான் அதுதான்னு சொல்வேன். அது காட்ற எண்ணு 1.633ன்னே இருக்கணும்னு இல்ல, துளையோட அளவு கொஞ்சம் மாறும், நமக்கு வேண்டியது வித்தியாசம் மட்டும். உங்க ரைஃபிள்ல ரெண்டு மூணு தடவ சுட்டு, இறுக்கமா மூடற நிலைக்கு வந்த கேஸா பாத்து எடுங்க, ஒரு தடவ மட்டும் சுட்டது சில சமயம் முழுசா விரிஞ்சிருக்காது. பிரைமர கழட்டிட்டு அளங்க, துருத்தின பிரைமர் அளவ கெடுக்கும். அஞ்சாறு கேஸ அளந்து பெரிய எண்ண குறிச்சுக்கோங்க. டைய ஷெல் ஹோல்டருக்கு நல்லா மேல இருந்து ஆரம்பிச்சு, லூப் போட்டு ஒவ்வொரு கேஸா சைஸ் பண்ணி அளந்துட்டே துளித்துளியா இறக்குங்க. எண்ணு முதல்ல ஏறும், முன்ன சொன்ன அந்த பிதுங்கல், பயப்படாதீங்க. அப்புறம் இறங்கும். சுட்ட கேஸ விட 1 இல்ல 2 தௌ கீழ வந்ததும் நிறுத்தி லாக் நட்ட இறுக்குங்க. டையோட திருகு இஞ்ச்சுக்கு 14 புரி, ஒரு முழு சுத்துக்கு 71 தௌ, அப்ப கால் சுத்துன்னா கிட்டத்தட்ட 18 தௌ, ப்ரெஸ் நெளியறதுல கொஞ்சம் போனாலும் அது எவ்ளோ பெருசுன்னு பாருங்க. நமக்கு வேண்டியது அதுல பத்துல ஒரு பங்கு.

அளவு கேஸுக்கு கேஸ் மாறுதுன்னா லூப் ஒரே மாதிரி தடவல, இல்லன்னா பிராஸ் கெட்டியாயிடுச்சு. கெட்டியான பிராஸ் டைல இருந்து வந்ததும் திமிறிக்கிட்டு பழைய அளவுக்கு போகப் பாக்கும். கம்பேரேட்டர் இல்லாதவங்களுக்கு வேற வழி, போல்ட்ல இருந்து ஃபயரிங் பின், எஜெக்டர் (காலி கேஸ வெளிய தள்ற பாகம்) ரெண்டையும் கழட்டிட்டு காலி கேஸ போட்டு மூடிப் பாக்கறது. கைப்பிடி தானா சரிஞ்சு விழாம, கடைசி கட்டத்துல விரலால லேசா தொட்டா மூடற எடம்தான் சரியான எடம். வேட்டைக்கு போறவங்க இன்னும் ஒரு தௌ கூடுதலா வச்சுக்கலாம், தூசி மண்ணு இருக்கும்.

செமி ஆட்டோவுக்கு இந்த 1, 2 தௌ கணக்கு ஒத்துவராது. அங்க 3, 4 தௌ வைக்கணும். போல்ட் தானா ஓடிவந்து முழுசா மூடணும், இறுக்கமான கேஸ்ல போல்ட் முழுசா பூட்டாம நின்னாலோ, ஃபயரிங் பின் தளர்வா ஓடற துப்பாக்கில பிரைமர் முன்னாடியே வெடிச்சாலோ கேஸ மிச்சப்படுத்தினது எதுக்கும் ஆகாது. அதுல கேஸ் சீக்கிரம் போகும், அத ஏத்துக்கிட்டுதான் ஆகணும்.

நெக் சைஸ் மட்டும் பண்ணா இந்த தொல்லையே இல்லையேன்னு கேப்பாங்க. ஷோல்டர தொடவே மாட்டோம், உண்மைதான். ஆனா மூணு நாலு சுடலுக்கு அப்புறம் கேஸ் எல்லா பக்கமும் இறுகி போல்ட் தூக்கவே கஷ்டமாயிடும், அப்ப ஒரு தடவ ஷோல்டர தள்ளித்தான் ஆகணும். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி 1, 2 தௌ தள்றதே மேல்னு என் கட்சி.

அடியில விளிம்பு, அதாவது ரிம் வச்ச .303 பிரிட்டிஷ் மாதிரி தோட்டால விஷயம் இன்னும் மோசம். அங்க தோட்டாவ நிறுத்தறது ஷோல்டர் இல்ல, ரிம்மு. சேறு, அழுக்கோட போர்க்களத்துல ஓடணும்னு ராணுவ சேம்பர் ஷோல்டர் பக்கம் தாராளமா வெட்டியிருப்பாங்க, அதோட லீ என்ஃபீல்டுல போல்ட் பூட்டறது பின்பக்கம், அதனால ஆக்‌ஷனே கொஞ்சம் நெளிஞ்சு குடுக்கும். புது கேஸ் முதல் சுடலுக்கே நல்லா இழுபட்டுடும். ரிம்முக்கு முன்னாடி ஒரு சின்ன ரப்பர் ஓ-ரிங் மாட்டி முதல் தடவ சுடறவங்க இருக்காங்க, அது தோட்டாவ போல்ட்டோட ஒட்டி நிறுத்தும், கேஸ் பின்னாடி இழுபடாம முன்பக்கமா விரியும். அதுக்கப்புறம் ரிம்ம மறந்துட்டு ஷோல்டர கணக்கு வச்சே சைஸ் பண்ணா போதும். ஹெட் பக்கம் தடிச்ச பட்டை, அதாவது பெல்ட் வச்ச மேக்னமும் இதே கததான், 7 மிமீ ரெமிங்டன் மேக்னம், .300 வின்செஸ்டர் மேக்னம் ரெண்டுலயும் பெல்ட்டுதான் பேருக்கு நிறுத்தும், ஷோல்டர் பக்கம் தாராள எடம். டைய காகிதத்துல போட்டபடி இறக்கினா மூணே சுடல்ல வளையம் வந்துடும்.

சிலர் கேஸுக்கு எண்ணெய் தடவி சுட்டா இழுபடாதுன்னு சொல்வாங்க. சேம்பர்ல ஒட்டாம கேஸ் முழுசா பின்னாடி வழுக்கி வந்துடும், அதனால அடிப்பட்டை தப்பிக்கும், ஆனா ஒட்டிப் பிடிச்சு தாங்கற பங்கும் போயி மொத்த தள்ளும் போல்ட் மேல விழும். அத வழக்கமா பண்ணாதீங்க. சைஸிங் லூப துடைக்காம சுடறதும் அதே கணக்குதான்.

பவுடர குறைக்கவே வேண்டாமான்னா, பிரஷர் அதிகமானா அதோட அடையாளம் வேற எடத்துல தெரியும். பிரைமர் குழி லூசாகும், புது பிரைமர் கட்டைவிரலாலயே உள்ள போயிடும், ஹெட்ல எஜெக்டர் ஓட்டையோட வட்டம் பளிச்சுன்னு பதிஞ்சிருக்கும், போல்ட் தூக்க கஷ்டமா இருக்கும். இதெல்லாம் இருந்தா லோட குறைங்க. குறுக்கு வளையம்னா ஹெட்ஸ்பேஸ், குழி லூசுன்னா பிரஷர், நெக்குல நெடுக்க விரிசல்னா பிராஸ் கெட்டியாயிடுச்சு. விரிசல் போற திசையிலயே பாதி பதில் இருக்கு.

நெக்கு விரிசலுக்குதான் அனீலிங். கேஸ் பிராஸ் 70 சதம் செம்பு, 30 சதம் துத்தநாகம், ஒவ்வொரு தடவ சுருங்கி விரியும்போதும் கெட்டியாகிட்டே போகும், நெக்க மட்டும் சில நொடி சூடாக்கினா மறுபடி இளகும். ஆனா அனீலிங் பண்ணா ஹெட் பிரியறது நிக்கும்னு ஒரு நம்பிக்கை சுத்திக்கிட்டு இருக்கு, அது சுத்தமா தப்பு. ஹெட் பக்கம் கெட்டியாதான் இருக்கணும், அங்க சூடு போய் அது இளகிடுச்சுன்னா அந்த கேஸ் குப்பைக்குதான், அத சுடவே கூடாது.

சுடாமயே விரிசல் விழற கதையும் ஒண்ணு உண்டு. இந்தியால பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்துல குதிரை லாயத்துல வச்சிருந்த தோட்டால எல்லாம் தானா வெடிப்பு விழுந்துச்சு, பருவம்தான் காரணம்னு சீஸன் கிராக்கிங்னே பேர் வச்சுட்டாங்க. குதிரை மூத்திரத்துல இருந்து வர்ற அமோனியாவும், தயாரிக்கும்போது பிராஸ்ல தங்கின இறுக்கமும் சேந்துதான் காரணம்னு 1921லதான் தெளிவாச்சு. அமோனியா கலந்த பாலிஷ் போட்டு கேஸ பளபளப்பாக்காதீங்கன்னு சொல்றது அதனாலதான்.

அடுத்து ஒண்ணு பிரிஞ்சா, அடுத்த தோட்டாவ அடிச்சு உள்ள தள்ளாதீங்க. வெளிய வந்த கேஸ் பாதியா இருக்கான்னு பாத்து, துப்பாக்கி காலின்னு உறுதி பண்ணிட்டு, உடைஞ்ச கேஸ் எடுக்கற எக்ஸ்ட்ராக்டர், இல்லன்னா சேம்பர விட கொஞ்சம் பெரிய வெண்கல பிரஷ்ஷ பின்பக்கமா உள்ள விட்டு இழுத்தா பெரும்பாலும் வந்துடும். கண்ணாடி போடாம சுடவே சுடாதீங்க, கேஸ் பிரியும்போது வாயு போல்ட் பக்கம்தான் வழி தேடும்.

கடைசியா ஒரு சின்ன சந்தேகம் பாக்கி இருக்கு. டைய சரியா வச்சும் புது பிராஸ்லயே வளையம் சீக்கிரம் வந்துச்சுன்னா, இல்ல கம்பெனி தோட்டாவ முதல் தடவ சுட்டதுலயே வளையம் தெரிஞ்சுதுன்னா ரைஃபிளோட சேம்பரையே சந்தேகப்படணும். கன்ஸ்மித் கிட்ட குடுத்து கேஜ் (சேம்பரோட ஹெட்ஸ்பேஸ சோதிக்கற அளவுக் கட்டை) போட்டு பாக்க சொல்லுங்க. .308க்கு கோ கேஜ் 1.630, நோ கோ 1.634, ஃபீல்டு 1.638. கோ மேல போல்ட் மூடணும், நோ கோ மேல மூடக்கூடாது. நோ கோ மேல மூடி ஃபீல்டு மேல மூடலன்னா, டைய அந்த சேம்பருக்கு ஏத்த மாதிரி வச்சு ஓட்டலாம்னு கன்ஸ்மித்தே சொல்வார். ஃபீல்டு மேலயும் மூடுச்சுன்னா அத சரி பண்ற வரைக்கும் ரைஃபிள அலமாரிலயே வைங்க, எந்த டை செட்டிங்கும் அதுக்கு மருந்தில்ல.